நிழல்மாறன் கதையில் காசியின் முகம்

1. நிழல்மாறன் மாறிய நாள்

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே, "இனிமே நிழல்மாறன் யாரையும் அடிக்க மாட்டான்" என்று கௌதம் அறிவித்தார். எனக்குச் சந்தோஷம். சண்டைப் பக்கங்களில் 'டமார்', 'படார்' என்று பெரிது பெரிதாக எழுதியே என் விரல் காய்த்துப் போயிருந்தது.

"அடிக்காம என்ன தம்பி செய்வான்?" என்று கேட்டேன்.

"மத்தவங்கள அடிக்க வைப்பான் மேடம்" என்றார்.

நான் காமிக்ஸில் லெட்டரிங் செய்தவள். படத்துக்குள் ஆட்கள் பேசும் பலூன்களிலும், மேலே கீழே வரும் கட்டங்களிலும் இருக்கிற எழுத்தை எல்லாம் கையால் எழுதுவது என் வேலை. திண்டுக்கல்லில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் பதிப்பகம் இருந்தது. காமிக்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகள் இப்போதும் என்னைத் தேடி வந்து, எந்த நிப் வாங்கலாம், பலூனுக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் இங்கே காசியைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நிழல்மாறன். பகலில் ரேடியோ ரிப்பேர் கடை. பொழுது சாய்ந்தால் முகமூடி, சாம்பல் நிறக் கோட்டு. எங்கள் ஊர் வெயிலில் கோட்டுப் போட்டவன் துப்பறிவதற்கு முன் மயங்கி விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்தது. செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்துத் திருடனைப் பிடிப்பான், இரண்டு அறை விடுவான், போலீஸில் ஒப்படைப்பான். எழுதியவர் எங்கள் முதலாளி. அவரை ஐயா என்போம். அவர் உடம்பு முடியாமல் படுத்த பிறகு, சென்னையில் விளம்பரக் கம்பெனியில் இருந்த மகன் கௌதம் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

விற்பனை சரிந்து கிடந்தது. பிள்ளைகள் போனுக்குப் போய்விட்டார்கள். புத்தகம் வாங்கியவர்கள் எல்லாம் முன்பு பிள்ளைகளாக இருந்த நடுத்தர வயது ஆண்கள்தான். கௌதம் அதைச் சரியாகவே கணித்தார்.

"நம்ம ரீடருக்கு வழுக்கை விழுந்துருச்சு மேடம். இன்னும் அவனுக்குச் செருப்பு மண்ணையே காட்டிட்டு இருக்கோம். புது நிழல்மாறன் சட்டத்தை நம்ப மாட்டான். நல்லவன் கெட்டவன்னு பார்க்க மாட்டான். எல்லாரையும் காய் நகர்த்துவான்."

அவர் எழுதிய முதல் கதைக்குப் பெயர் 'பொறி'. ஓர் ஊரில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். யார் செய்கிறார் என்று நிழல்மாறனுக்குத் தெரியும்; அந்த ஆள் பெரிய இடம், ஆதாரம் கிடையாது. அதனால் நிழல்மாறன் ஒன்றும் அறியாத ஓர் ஏழையைத் தேர்ந்தெடுக்கிறான். அவன் முகத்தைப் படமாக வரைந்து, 'பிள்ளை பிடிப்பவன் இவன்தான்' என்று ஊரெல்லாம் ஒட்டி விடுகிறான். ஊர் அந்த ஏழையை விரட்டுகிறது. உண்மையான குற்றவாளி, பழி வேறு ஒருவன் மேல் விழுந்துவிட்டது என்ற தைரியத்தில் வெளியே வந்து மாட்டிக்கொள்கிறான். கடைசிப் பக்கத்தில் நிழல்மாறன் மொட்டை மாடியில் நின்று சிரிக்கிறான்.

ஸ்கிரிப்ட் நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வேலைக்காகப் படிக்கிறோம் என்பதை மறந்து படித்தேன். முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

"அந்த ஏழை ஆளு கடைசில என்ன ஆனான் தம்பி?"

"கதை அவனைப் பத்தினது இல்லையே மேடம்" என்று சொல்லிவிட்டு கௌதம் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

2. முகம் கேட்டு வாங்குவது

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. ஓவியர் அந்தோணி அண்ணன் மனதிலிருந்து முகம் வரைய மாட்டார். "மனசுல இருந்து போட்டா எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரி வந்துருவாங்க" என்பார். ஊரில் பார்க்கிறவர்களிடம் கேட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அதை வைத்துத்தான் வரைவார். கதையில் வரும் டாக்டர், இன்ஸ்பெக்டர், கண்டக்டர் எல்லாம் திண்டுக்கல் முகங்கள். முகம் கொடுத்தவருக்குப் புத்தகத்தில் ஒரு பிரதி. ஒரு பரோட்டா மாஸ்டர், தான் ராணுவத் தளபதியாக வந்த பக்கத்தை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

ஆனால் கெட்டவன் முகத்தை வெளியில் வாங்கக் கூடாது. ஐயா போட்ட சட்டம் அது. கெட்டவனுக்கு ஆபீஸ் முகம்தான். ஐயாவே கள்ள நோட்டு அடித்தார், கோயில் சிலை கடத்தினார், எத்தனையோ முறை ஜெயிலுக்குப் போனார். அந்தோணி அண்ணன் தன்னைத் தானே முதலை வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஒரு ஜமீன் குடும்பத்துக்கே பாயசத்தில் விஷம் வைத்தவள். என் வீட்டுக்காரர் அந்தப் புத்தகம் வந்த பிறகு கொஞ்ச நாள் பாயசத்தை என்னைக் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் குடித்தார்.

கௌதமுக்கு இந்தப் பழக்கம் எரிச்சலாக இருந்தது. "எல்லா வில்லனும் எங்கப்பா மூஞ்சியோட வந்தா எவன் சீரியஸா படிப்பான்?" என்றார். பொறி கதையில் வரும் ஏழைக்கு வெளி முகம் வேண்டும் என்று கேட்டார். அந்தோணி அண்ணன் தயங்கினார்.

"அவன் வில்லன் இல்லையே அண்ணே. அப்பாவி கேரக்டர். அப்பா ரூலை நான் மீறலையே" என்றார் கௌதம்.

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் கிடையாது.

காசி நிலக்கோட்டைக்காரர். பூ வேன் ஓட்டுபவர். விடிகாலையில் மல்லியும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வருவார். திரும்பும்போது வேன் காலியாகப் போகும் என்பதால் எங்கள் புத்தகக் கட்டுகளை வத்தலக்குண்டு, நிலக்கோட்டைக் கடைகளுக்குக் கொண்டு போய்ப் போடுவார். மாடி ஏறி வரும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். எனக்கு வாழை இலையில் சுற்றி ஒரு பந்து மல்லி வைத்துவிட்டுப் போவார். வட்ட முகம், மெல்லிய மீசை, இடது கண்ணுக்குக் கீழே ஒரு மரு. யாரும் சண்டை போடத் தோன்றாத முகம்.

"ஏக்கா, நானா? கதையிலயா? நெசமாவா சொல்றீங்க?" என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

"என்ன வேசம் சார் எனக்கு?" என்று கௌதமிடம் கேட்டார்.

"நல்லவன் வேசம். கதையே உங்களால தான் நடக்குது" என்றார் கௌதம்.

காசி கழிப்பறைக் கண்ணாடியில் போய்த் தலையை வாரிவிட்டு வந்து போட்டோவுக்கு நின்றார். மகளிடம் சொன்னால் நம்ப மாட்டாள் என்று அந்தோணி அண்ணனோடு சேர்ந்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். மகள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

3. டீசர்

கதைக்குள் நிழல்மாறன் ஊரெல்லாம் ஒட்டுகிற படம் இருக்கிறதே, அந்தப் பேனலை மட்டும் அந்தோணி அண்ணன் பென்சிலில் போட்டார். போலீஸ்காரர்கள் சாட்சி சொல்லச் சொல்ல வரைவார்களே, அந்தத் தினுசு. அவர் வாழ்க்கையில் போட்ட படங்களிலேயே உயிருள்ள படம் அதுதான். கீழே 'பிள்ளைகளைக் கடத்துபவன். கண்டால் விடாதீர்கள்' என்று நான் அரசாங்க நோட்டீஸ் மாதிரி எழுத்தில் எழுதினேன். மூவரும் அதைத் தள்ளி வைத்துப் பார்த்தோம். நோட்டீஸ் போலவே இருந்தது. எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புத்தகம் வருவதற்கு முன்னால் அந்த ஒரு பேனலை மட்டும் கௌதம் இன்டர்நெட்டில் போட்டார். காமிக்ஸ் பெயர் இல்லை. நிழல்மாறன் இல்லை. வெறும் படமும் அந்த நோட்டீஸ் வரியும்.

"கீழ நம்ம பேர் போடலையா தம்பி?"

"பேர் போட்டா அது விளம்பரம் மேடம். போடாட்டித்தான் டீசர். ஒரு நாள் எல்லாரும் குழம்பட்டும், நாளைக்கு நம்ம அட்டைப்படத்தைப் போட்டு உடைப்போம்."

அவர் சொன்னபடி மறுநாள் அட்டைப்படத்தைப் போட்டார். நிறைய வாசகர்கள் ரசித்துக் கைதட்டினார்கள். ஆனால் முதல் நாள் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் மறுநாள் படத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ எங்கள் பேனலை வெட்டி எடுத்து, ஒரு பெண் அழுகிற குரலையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ரெட்டியார்சத்திரம் முதல் தொப்பம்பட்டி வரை ஊர் ஊராக அது போயிருக்கிறது. எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. நாங்கள் புத்தகக் கட்டு போட்டுக்கொண்டிருந்தோம்.

4. படத்தில் இருப்பது நான்தான்

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். செண்டுப்பூ எடுக்க காசி அங்கே போயிருக்கிறார். வேன் இன்ஜின் சூடாகி நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "அப்பு, செத்த தண்ணி கொண்டாரியா?" என்று குடத்தை நீட்டியிருக்கிறார். அங்கே நின்ற ஒருவன் இவர் முகத்தையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறான்.

அரசு ஆஸ்பத்திரியில்தான் நான் காசியைப் பார்த்தேன். முகத்தில் கட்டில்லாத இடமே தெரியவில்லை. ரோந்துக்கு வந்த ஒரு போலீஸ்காரர் மேலே விழுந்து மறைத்திராவிட்டால் உயிர் இருந்திருக்காது என்றார்கள். இடது கண் போய்விட்டது. அதைக் காசியின் மனைவி பஞ்சு என்னிடம் சொன்னபோது, ஏதோ வேறு யாருடைய கண்ணையோ பற்றிச் சொல்வது போல் இருந்தது. அந்தோணி அண்ணன் வார்டுக்குள் வரவே இல்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் முறை போனபோது காசிக்குப் பேச முடிந்தது.

"அக்கா, அவிங்க போன நீட்டி, இது நீதானடான்னு கேட்டாங்க. பாத்தா நம்ம அந்தோணி அண்ணன் போட்ட படம். எனக்குச் சந்தோசமாப் போச்சுக்கா. புஸ்தகம் வந்துருச்சு போலன்னு நெனச்சுட்டேன். ஆமாண்ணே, நானேதான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஒத்துக்கிட்டான் பாருன்னு அதுக்கும் சேத்து அடிச்சாங்க" என்றார் காசி.

எனக்கு வந்த கோபத்தை இன்னும் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. அடித்தவர்கள் மேலும் கோபம், கௌதம் மேலும் கோபம், அழகாக எழுதிய என் கை மேலும் கோபம். ஆபீஸுக்கு வந்து கௌதமைப் பார்த்துக் கத்தினேன். அவர் அழுதார். அந்த அழுகை நடிப்பு இல்லை. பிற்பாடு நடந்ததை வைத்து நீங்கள் அவரை மொத்தமாக அயோக்கியன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவர்தான் பார்த்தார்.

5. ஊருக்குப் போனோம்

இன்டர்நெட்டில் எங்கள் பக்கத்தில் மறுப்பு போட்டோம். 'இது காமிக்ஸ் படம், இவர் நிரபராதி' என்று நானே எழுதினேன். அதை எங்கள் வாசகர்கள்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த அழுகைக் குரல் போன ஊர்களுக்கு எங்கள் மறுப்பு போய்ச் சேரவில்லை.

இதற்குள் காசி வீட்டில் வேறு கஷ்டம். செண்டுப்பூ, சம்பங்கி விவசாயிகள் அவர் வேனுக்குப் பூ கொடுப்பதை நிறுத்தினார்கள். மச்சினன் ஓட்டிக்கொண்டு போனாலும், "இது அந்த ஆளு வண்டிதான?" என்று கேட்டார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் 'பிள்ளை பிடிக்கிறவன் மக' என்று கூப்பிட்டார்கள். அவள் போக மாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் போனதைக்கூடத் தாங்கிய காசி, மகள் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டதைப் பார்த்து உடைந்துபோனார் என்று பஞ்சு சொன்னாள். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று அந்த ஊர் வாயால் சொல்ல வேண்டும்.

சரி, நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவோம் என்று நான்தான் கிளப்பினேன். நான், அந்தோணி அண்ணன், கௌதம் மூவரும் போனோம். அந்தோணி அண்ணன் வரைந்த அசல் பக்கங்களை அட்டையோடு எடுத்துக்கொண்டோம். ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. ராமராஜ் என்று ஒருவர், ஊர்ப் பேச்சுக்கு முன்னால் நிற்பவர், எங்களுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்தோணி அண்ணன் பக்கம் பக்கமாகக் காட்டி விளக்கினார். இது கதை, இவன் நிழல்மாறன், இந்தப் படம் பொய்ப் படம், காசி எங்கள் வேன் டிரைவர் என்றார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

"இம்புட்டுத் தூரம் வந்து நீங்க சொல்லணுமாம்மா? எங்களுக்கு மறுநாளே தெரியும்" என்றார் ராமராஜ்.

"தெரியுமா? அப்ப ஏன் இன்னும் அந்த ஆளப் பிள்ளை பிடிக்கிறவன்னு சொல்றீங்க?"

"வேற என்னன்னு சொல்லச் சொல்றீங்க? எங்க பயலுக மேல கேசு இருக்கு. ஒருத்தன் போலீசு வேலைக்கு எழுதிட்டு இருக்கான். ஒருத்தனுக்குப் பரிசம் போட்டாச்சு. அவரு நல்ல மனுசன்னு நாங்க சொல்லிட்டா, ஒண்ணும் செய்யாதவனப் போட்டு அடிச்சோம்னு ஆயிருமா இல்லையா? பிள்ளை பிடிக்க வந்தவனத்தான் அடிச்சோம்னா, கொஞ்சம் கோவத்துல அடிச்சுட்டோம்னு போகும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குக் காசி மேல் பரிதாபம் இல்லாமல் இல்லை. தங்கள் பையன் மேல் இருந்த பாசம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நாங்கள் பொய்யைச் சொன்னவர்கள். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வந்தால், அது எங்களுடையதாக இல்லை. அந்த ஊர் அதை எடுத்துத் தன் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டது.

கிளம்பும்போது ராமராஜ் கௌதமைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் கௌதமின் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கௌதம் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார்.

6. சமாதானம்

ஊர் சொன்னது இதுதான். காசி கேசை விட்டுவிட்டால், ஊரே அவரை நல்லவர் என்று சொல்லும். எந்த வாட்ஸ்அப்பில் கெட்ட பேர் போனதோ அதே வாட்ஸ்அப்பில் நல்ல பேரும் போகும்.

இதைக் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக் கொடுத்தவர் கௌதம். எத்தனையோ பக்கம் நிழல்மாறனுக்கு வசனம் எழுதியவள் நான். அந்த மனிதர் வேலை செய்தது அப்படியே நிழல்மாறன்தான். ஊர்க்காரர்களிடம் போய், "காசி பெரிய வக்கீலைப் பார்க்கப் போறார், சீக்கிரம் முடிச்சுக்குங்க" என்றார். காசி ஒரு முறை அப்படிப் பேசியது உண்மை. காசியிடம் வந்து, "கேஸ் முடியறதுக்குள்ள உங்க மகளும் பன்னிரண்டாவது முடிச்சிருவா, அதுவரைக்கும் அந்தப் பேரோடதான் ஸ்கூலுக்குப் போகணும்" என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். பஞ்சுவிடம் தனியாக ஒன்று, மச்சினனிடம் தனியாக ஒன்று. யாரையும் மிரட்டவில்லை. யாருக்கும் முழுப் பொய் சொல்லவில்லை. கேஸ் போனால், படத்தைப் பெயரில்லாமல் ஏன் போட்டாய் என்று தன்னைக் கேட்கப் போகிற கேள்வியும் போய்விடும் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நான் காசி வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "நடந்தத நடந்தபடி சொல்லு காசி. பொய் சொல்லாத. அவிங்க உள்ள போகட்டும்."

காசி என் பக்கம் திரும்பினார். கட்டு அவிழ்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"கண்ணு போச்சு, இனி வராதுக்கா. பேராச்சும் திரும்பி வரட்டும். நான் பொய் சொன்னாத்தான் அவிங்க உண்மையச் சொல்லுவாங்களாம். நான் என்னக்கா செய்ய?"

காசியோடும் கௌதமோடும் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். கூடப் போக வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள், போனேன். வேனிலிருந்து தவறி விழுந்துவிட்டேன், யாரும் அடிக்கவில்லை, பயத்தில் முன்பு மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று காசி சொன்னார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

"விழுந்தா கண்ணு எப்படிய்யா போகும்?" என்றார்.

காசிக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. திரும்பிக் கௌதமைப் பார்த்தார். ஸ்கூலில் பாடம் மறந்த பிள்ளை பார்ப்பது போலப் பார்த்தார். கௌதம் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"டாப்புல கூடை கட்டிட்டு இருந்திருக்கார் சார். கயிறு அறுந்து விழுந்ததுல கொக்கி குத்திருச்சு" என்றார்.

"ஆமாங்கய்யா, கொக்கி" என்றார் காசி.

ஊர் வாக்கு மாறவில்லை. ராமராஜ் குரலிலேயே ஒரு பதிவு வந்தது. 'நமது ஊருக்கு வந்த பூ வேன் டிரைவர் காசி அவர்கள் தங்கமான மனிதர், அவர் பிள்ளை பிடிப்பவர் என்று பரவும் செய்தி பொய், யாரும் நம்ப வேண்டாம்.' எங்கள் மறுப்பு போய்ச் சேராத இடத்துக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. பூக்காரர்கள் மச்சினனைப் போனில் கூப்பிட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போனாள். தள்ளிப்போயிருந்த பொறி புத்தகமும் வந்தது, நன்றாக விற்றது.

அடுத்த மாதம் கௌதம் புது ஸ்கிரிப்ட் கொடுத்தார். அடிபட்டவனையே அடிபடவில்லை என்று சொல்ல வைத்து நிழல்மாறன் ஒரு ஊரை அமைதிப்படுத்துகிற கதை. நன்றாகத்தான் இருந்தது. "இதை நான் எழுத மாட்டேன் தம்பி" என்று மேசை மேல் வைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை. என் கையெழுத்தை ஸ்கேன் செய்து எப்போதோ கம்ப்யூட்டர் ஃபான்ட் செய்து வைத்திருந்தார்கள். நான் வேலையை விட்டு நின்ற பிறகும் நிழல்மாறன் என் எழுத்தில்தான் பேசிக்கொண்டிருக்கிறான். கடைகளில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

7. சம்பங்கித் தோட்டத்தில்

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதை எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன். கதையில் பொய்யைக் கிளப்பி விட்டவனே, வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட்டுப் போகலாம். பேனா நம் கையில் இருக்கிறது. வெளியில் அப்படிச் செய்ய முடியாது. பொய்யை நம்பிக் கை ஓங்கியவர்களுக்கு அந்தப் பொய் தேவைப்படும். அவர்கள் அதை விடமாட்டார்கள். அவர்களாக விட்டாலும், அடிபட்டவனால் அதை விடமுடியாது.

நிலக்கோட்டையில் என் தங்கை வீட்டுக்குப் போக, போன தை மாதம் காசி வேனில் ஏறினேன். மச்சினன் ஓட்ட, காசி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு போல் பேச்சில்லை. வழியில் ஒரு சம்பங்கித் தோட்டத்தில் நிறுத்தினார்கள். புது இடம். தோட்டக்கார அம்மாள் தராசை எடுத்து வைத்தாள். அவளுடைய சின்ன மகள் பூக்கூடை ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு காசியிடம் வந்தாள்.

காசி சட்டென்று பின்னால் நகர்ந்தார். கூடையை வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எதையோ தேடி, சத்தத்தைக் கூட்டி, அந்த அம்மாள் பக்கம் நீட்டினார்.

"செத்த இதைக் கேளுங்கம்மா. கேட்டுட்டுப் பூவக் குடுங்க."

ராமராஜ் குரல் கேட்டது. தங்கமான மனிதர். பிள்ளை பிடிப்பவர் என்று பரவும் செய்தி பொய். யாரும் நம்ப வேண்டாம்.

அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு செய்தி பரவியதே தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. காசியின் கண்ணையும் மருவையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.